நடந்து வருவோர்க்கு ஒரு கடைவீதி

வரலாறு என்றவுடன் கோட்டைகளும் அரண்மனைகளும் மினாராக்களும் கோபுரங்களுமே நம் நினைவில் முந்தி வந்து நிற்கின்றன. மன்னர் எழுப்பியவற்றுக்கு நாம் பட்டியல் வைத்திருக்கிறோம். ஒரு மளிகைக் கடைக் கட்டடத்துக்கும் வரலாறு உண்டென்று எண்ணுவோர் மிகச் சிலரே. ஆயினும், சாதாரணக் குடும்பம் ஒன்றின் வாழ்நாளில் அரண்மனைக்குள் கால்வைத்த நாள் ஒன்றுகூட இராது. கடைத்தெருவை மறந்த நாளும் ஒன்றுகூட இராது. அரிசியும் மருந்தும் வாங்கவும், தபால் போடவும், முடிதிருத்திக் கொள்ளவும், அறுந்த செருப்பைத் தைத்துக்கொள்ளவும் மனிதர் கூடுமிடம் அதுவே. ஒரு சமுதாயம் தன் மக்களை எவ்வாறு மதித்தது என்பதை அறிய விரும்புவோர் அதன் கடைவீதியைக் கூர்ந்து பார்த்தால் பெரும்பகுதி விளங்கிவிடும்.

அத்தகைய கடைவீதி ஒன்றின் வரலாற்றையே ஈண்டு நாம் நோக்கப் புகுகிறோம். அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனுக்கு வடகிழக்கே சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில், மேரிலாந்து மாநிலத்தில், கிரீன்பெல்ட் என்றொரு சிற்றூர் இருக்கிறது. பசுமை வளையம் என்பது அப்பெயரின் பொருள். அவ்வூரின் நடுவே, 1930-களில் உலகெங்கும் செல்வாக்குப் பெற்றிருந்த 'மொடேர்ன்' பாணியில் எழுந்த கடைக் கட்டடங்கள் இரண்டு, ஒன்றையொன்று நோக்கி நிற்கின்றன. இன்று அவ்விடத்துக்கு ரூஸ்வெல்ட் மையம் என்று பெயர். அதன் சுவர்களில் பொன்னோ பளிங்கோ இல்லை. எனினும், கட்டடக் கலைஞர்களும் நகர அமைப்பு வல்லுநர்களும் இன்றளவும் அதைத் தேடிச் சென்று காண்கின்றனர். காரணம் யாது?

பஞ்ச காலத்தின் பிள்ளை

1929-ஆம் ஆண்டு நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது. அதன் விளைவாகத் தொழிற்சாலைகள் மூடப்பட்டன, வங்கிகள் முறிந்தன. 1933-இல் அமெரிக்கத் தொழிலாளரில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு வேலையில்லை. செல்வத்தின் சிகரம் என்று உலகம் போற்றிய நாட்டில் கஞ்சித் தொட்டிகளின் முன்னே மக்கள் வரிசையில் நின்றனர். அவ்வாண்டு மார்ச் மாதத்தில் பதவியேற்ற குடியரசுத் தலைவர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் மேற்கொண்ட சீர்திருத்தத் திட்டங்களின் தொகுதியே 'நியூ டீல்' எனப்பட்டது. அதன் ஒரு கிளையாக 1935-இல் மறுகுடியேற்ற நிர்வாகம் என்னும் துறை பிறந்தது. பொருளியல் பேராசிரியராக இருந்த ரெக்ஸ்போர்ட் டக்வெல் அதன் தலைவரானார்.

நெருக்கடி மிகுந்த நகரச் சேரிகளிலிருந்து எளிய வருவாயுடையோரை மீட்டு, காற்றும் வெளிச்சமும் நிறைந்த புதிய ஊர்களில் குடியமர்த்த வேண்டும் என்பது டக்வெல்லின் கனவு. ஆங்கிலேயரான எபனேசர் ஹோவர்ட் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதி வைத்த 'தோட்ட நகரம்' என்னும் கருத்து அதற்கு அடிப்படையாயிற்று. நான்கு ஊர்கள் திட்டமிடப்பட்டன. அவற்றுள் நியூ ஜெர்சி மாநிலத்தில் அமையவிருந்த ஊர் நீதிமன்ற வழக்கினால் கருவிலேயே நின்றது. ஒஹாயோவில் கிரீன்ஹில்ஸ், விஸ்கான்சினில் கிரீன்டேல், மேரிலாந்தில் கிரீன்பெல்ட் ஆகிய மூன்றும் எழுந்தன.

புகையிலை விளைந்து விளைந்து சத்திழந்து போன நிலத்தில் 1935 அக்டோபரில் கிரீன்பெல்ட்டின் வேலை தொடங்கிற்று. இயந்திரம் செய்யக்கூடிய பணிகளையும் வேண்டுமென்றே மனிதக் கைகளுக்கு விட்டனர். ஊரைக் கட்டுவதைப் போலவே ஆயிரக்கணக்கானோருக்குக் கூலி கொடுப்பதும் திட்டத்தின் நோக்கமாக இருந்தமையே அதற்குக் காரணம். செலவு 1 கோடியே 30 இலட்சம் டாலரைத் தாண்டியது. இத்தனை சில வீடுகளுக்கு இத்தனை பணமா என்று எதிர்க்கட்சியினரும் பத்திரிகைகளும் கேட்டன. டக்வெல்லின் வீண்செலவு என்று எள்ளி நகையாடின. கூலியாகச் சென்ற பணத்தையும் வீட்டின் விலையாகவே கணக்கிட்டால் ஏளனத்துக்கு இடம் கிடைப்பதில் வியப்பில்லை.

மொடேர்ன் என்னும் பாணி

கட்டடத்துக்குள் நுழையுமுன் அதன் பாணியைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வோம். 1925-இல் பாரிஸ் மாநகரில் அலங்காரக் கலைகளுக்கும் தொழிற்கலைகளுக்குமான பெரும் பொருட்காட்சி ஒன்று நடைபெற்றது. பழைய கிரேக்க, ரோமானியத் தூண்களையும் பூவேலைப்பாடுகளையும் விடுத்து, புதிய காலத்துக்குரிய வடிவங்களைத் தேடிய முயற்சிகள் அங்கிருந்து உலகெங்கும் பரவின. 'மொடேர்ன்' என்பது நவீனம் என்பதற்கான பிரெஞ்சுச் சொல். 'ஆர்ட் டெக்கோ' என்று இன்று நாம் வழங்கும் பெயர் 1960-களில்தான் பரவலாயிற்று.

தொடக்கத்தில் அப்பாணி செல்வர்களின் பாணியாகவே இருந்தது. வண்ண ஓடுகளும் பளபளக்கும் உலோகங்களும் அடுக்கடுக்கான முகடுகளும் அதன் அடையாளங்கள். பொருளாதார வீழ்ச்சி வந்ததும் நகைகள் கழன்றன. கப்பல், விமானம், விரைவு இரயில் ஆகியவற்றின் வழவழப்பான உருவத்தைப் பின்பற்றி, வளைந்த மூலைகளும் நீண்ட கிடைக்கோடுகளும் தட்டையான கூரைகளும் வெள்ளைச் சுவர்களும் கொண்ட எளிய வடிவம் தலையெடுத்தது. இதனை 'ஸ்ட்ரீம்லைன் மொடேர்ன்' என்பர். அலங்காரத்தைக் குறைத்தால் செலவு குறையும். செலவு குறைந்தால் எளியோர்க்கும் நல்ல கட்டடம் கிட்டும். வறுமை அப்பாணிக்குக் கற்பித்த பாடம் இதுவே.

இம்மாற்றம் முழுவதையும் ஒரே மனிதரின் வாழ்வில் காணலாம். கிரீன்பெல்ட்டின் தலைமைக் கட்டடக் கலைஞர் இருவர். ரெஜினால்ட் வாட்ஸ்வொர்த் ஒருவர், டக்ளஸ் எல்லிங்டன் மற்றவர். எல்லிங்டன் பாரிஸில் பயின்றவர். வட கரோலினாவின் ஆஷ்வில் நகரத்துக்கு 1928-இல் அவர் கட்டி முடித்த நகர்மன்றம் சிவப்பும் பச்சையுமான ஓடுகள் வேய்ந்த எண்கோண முடியுடன் இன்றும் கண்ணைப் பறிக்கிறது. அடுத்த ஆண்டிலேயே சரிவு வந்தது; அலங்காரக் கட்டடம் எழுப்பிக் கொடுப்பார் அருகினர். முடி சூட்டிய அதே கை பின்னர் கிரீன்பெல்ட்டில் வெள்ளைச் சுவரையும் தட்டைக் கூரையையும் வரைந்தது. கலைஞரின் தரம் தாழவில்லை. யாருக்காகக் கட்டுகிறோம் என்பதே மாறிற்று.

ஊரின் நடுவே ஒரு முற்றம்

ஹேல் வாக்கர் என்னும் நகர அமைப்பு வல்லுநர் ஊரின் வரைபடத்தை வகுத்தார். மேட்டு நிலத்தின் போக்குக்கேற்ப ஊர் இளம்பிறை வடிவில் வளைந்து கிடக்கிறது. அதன் அருகே ஓர் ஏரியும் வெட்டப்பட்டது. பிறையின் உள்வளைவில், எல்லா வீடுகளிலிருந்தும் நடந்து வரக்கூடிய தொலைவில், கடைவீதிக்கு இடம் குறித்தார். வீடுகளின் ஒரு புறம் வாகனங்களுக்குரியது. மறு புறம் தோட்டத்துக்கும் நடைபாதைக்கும் உரியது. பெருஞ்சாலை குறுக்கிடும் இடங்களில் நடைபாதைகள் சாலைக்கு அடியில் சிறு சுரங்கவழிகளாகச் செல்லுகின்றன. தாய் ஒருத்தி குழந்தையின் வண்டியைத் தள்ளிக்கொண்டு, ஒரு காரின் குறுக்கேயும் போகாமல், வீட்டு வாசலிலிருந்து கடை வாசலுக்கு வந்துவிடலாம். பள்ளிச் சிறுவன் தனியே வந்து கடைக்குப் போய்த் திரும்பலாம். 1937-க்கு முன்னரே இவ்வாறு சிந்தித்திருக்கின்றனர் என்பது நம் கருத்தில் கொள்ளத்தக்கது.

கடைவீதியின் அமைப்பும் இக்கருத்தையே பின்பற்றுகிறது. நீண்ட கட்டடங்கள் இரண்டு எதிரெதிரே நிற்க, நடுவே வாகனம் நுழையாத முற்றம். வழக்கமாகக் கடைகள் சாலையை நோக்கி முகம் காட்டும். இங்கே அவை முற்றத்தை நோக்கி, அதாவது மனிதரை நோக்கி, முகம் காட்டுகின்றன. கார்களுக்கு வெளிப்புறத்தில் இடம் ஒதுக்கப்பட்டது. கீழ்த்தளத்தில் அகன்ற கண்ணாடி முகப்புடைய கடைகள், மேல்தளத்தில் அலுவலகங்கள். தட்டையான கூரை, வெள்ளை பூசிய சுவர், கிடைக்கோடாக ஓடும் வரிகள் என்பவற்றைத் தவிர வேறு ஒப்பனை இல்லை. அருகிலுள்ள அடுக்கு வீடுகளில் மாடிப்படிகளுக்கு வெளிச்சம் தரக் கண்ணாடிச் செங்கற்களைப் பதித்தனர். ஒளியையே அலங்காரமாக்கிய சிக்கனம் அது.

முற்றத்தில் 'தாயும் சேயும்' என்னும் கற்சிலை ஒன்று இருக்கிறது. 1939-இல் அதனைச் செதுக்கியவர் லெனோர் தாமஸ் என்னும் பெண் சிற்பி. அரசாங்கம் சம்பளம் கொடுத்து அமர்த்திய கலைஞர்களுள் அவரும் ஒருவர். தளபதியின் குதிரைச் சிலையையோ தலைவரின் உருவத்தையோ நடுவில் வைக்காமல் ஒரு தாயை வைத்தனர். அவ்விடத்தை நாள்தோறும் பயன்படுத்தப் போகிறவர் யார் என்பதை அவர்கள் மறந்திலர்.

கடைகளுடன் ஒரே தொகுதியாகத் திரையரங்கும் அமைந்தது. 1938 செப்டம்பர் 21-ஆம் நாள் குழந்தை நட்சத்திரம் ஷெர்லி டெம்பிளின் படத்துடன் அது திறக்கப்பட்டது. உணவுப் பொருள் அங்காடி, மருந்துக் கடை, முடிதிருத்தகம், செருப்பு பழுது பார்க்குமிடம், தபால் நிலையம் எல்லாம் சில நிமிட நடையில் அடங்கின. 1939-இல் நீச்சல் குளம் ஒன்றும் அருகே திறக்கப்பட்டது.

சென்னையிலிருந்து ஒரு நூலிழை

கட்டடம் தயார், கடைகளை நடத்துவது யார்? தனி வணிகர்க்கு ஏலம் விடுவது எளிய வழி. கிரீன்பெல்ட் வேறு வழியைத் தேர்ந்தது. கடைகள் அனைத்தையும் ஊர் மக்களே கூட்டுறவு முறையில் நடத்துவது என்று முடிவாயிற்று. குடிவந்தோரோ கையில் முதலில்லாத எளிய சம்பளக்காரர்கள். அவர்கள் நிலைபெறும் வரை கடைகளைத் தொடங்கி நடத்திக் கொடுக்க முன்வந்தது பாஸ்டன் நகரப் பெருவணிகர் எட்வர்ட் பைலீன் நிறுவிய அமைப்பு.

பைலீனின் வாழ்வு நம் நாட்டுடன் தொடர்புடையது. 1907-இல் உலகப் பயணம் மேற்கொண்ட அவர் இந்தியாவுக்கும் வந்தார். வட்டிக்கடைக்காரர்களின் பிடியில் சிக்கிய உழவர்கள் தமக்குள் சிறு தொகைகளைத் திரட்டிக் கடன் சங்கங்கள் அமைத்திருந்ததை இங்கே கண்டார். அக்காட்சி அவர் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. நாடு திரும்பியபின் அமெரிக்காவில் அத்தகைய சங்கங்கள் தோன்ற அயராது உழைத்தார். மாசசூசெட்ஸ் மாநிலம் 1909-இல் அதற்கென ஒரு சட்டம் இயற்றியது. 1934-இல் கூட்டாட்சி அரசின் சட்டமும் வந்தது.

இந்தியாவில் பைலீன் கண்ட சங்கங்கள் 1904-ஆம் ஆண்டுக் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டத்தின் கீழ் அமைந்தவை. அச்சட்டத்துக்கு வழிகோலியவற்றுள் முதன்மையானது சென்னை மாகாணத்து அதிகாரி சர் பிரடெரிக் நிக்கல்சன் 1895-லும் 1897-லும் இரு தொகுதிகளாக அளித்த அறிக்கை. அதே 1904-இல்தான் சென்னைத் திருவல்லிக்கேணியில், நுகர்வோர் தமக்குத் தாமே கடை நடத்திக்கொள்ளும் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கமும் தோன்றிற்று. மேரிலாந்துக் காட்டோரத்தில் எழுந்த வெள்ளைக் கட்டடத்துக்கும் சென்னை மாகாணத்து அறிக்கை ஒன்றுக்கும் இடையே ஒரு நூலிழை இவ்வாறு ஓடுவதை அறியும்போது நாம் வியவாதிருக்க இயலாது. நல்ல கருத்துக்குக் கடலும் தடையாவதில்லை.

பைலீன் தம் கடைகள் அங்கே திறக்கப்படுவதைக் காணவில்லை. 1937 செப்டம்பர் 26-இல் பாரிஸில் காலமானார். நான்கு நாள் கழித்து, செப்டம்பர் 30-இல், முதற் குடும்பங்கள் கிரீன்பெல்ட்டில் குடிபுகுந்தன. அவ்வாண்டே ஊரின் கடன் கூட்டுறவுச் சங்கம் உருவாயிற்று. 1940-இன் தொடக்கத்தில் கடைகளின் நிர்வாகம் மக்களின் கைக்கு முறைப்படி மாறியது. ஒரு பங்கு 10 டாலர். எத்தனை பங்கு வைத்திருப்பினும் ஒருவருக்கு ஒரு வாக்குத்தான். ஆண்டிறுதியில் மிஞ்சும் இலாபத்தை அவரவர் வாங்கிய அளவுக்கேற்பப் பகிர்ந்தளிப்பர். இங்கிலாந்தின் ராச்டேல் நெசவாளர்கள் 1844-இல் வகுத்த நெறி இது. ஊர்ப் பள்ளிச் சிறுவர்களும் பெரியோரைப் பார்த்து மிட்டாய் விற்கும் கூட்டுறவுச் சங்கம் ஒன்றைத் தமக்கென நடத்தினர் என்றால், அந்நெறி எவ்வளவு ஆழ வேரூன்றியிருந்தது என்று எண்ணிப் பாருங்கள்.

அடைத்த கதவு

இதுவரை கூறியவற்றைக் கேட்போர், இதுவன்றோ இலட்சிய ஊர் என்று எண்ணக்கூடும். ஆனால் வரலாற்றை எழுதுவோர் பாதிக் கணக்கோடு நின்றுவிடலாகாது.

கிரீன்பெல்ட்டில் முதலில் கட்டப்பட்டவை 885 வீடுகள். அவற்றுக்கு ஐயாயிரத்துக்கு மேற்பட்ட குடும்பங்கள் விண்ணப்பித்தன. வருவாய் ஆண்டுக்கு 800 டாலருக்குக் குறையாமலும் 2200 டாலரைத் தாண்டாமலும் இருக்க வேண்டும். கிறிஸ்தவர்களின் இரு பெரும் பிரிவினருக்கும் யூதர்களுக்கும் இடம் கொடுத்து, சமயச் சமநிலை பேணுவதிலும் அதிகாரிகள் கருத்தாக இருந்தனர். ஆனால் கறுப்பினக் குடும்பம் ஒன்றுக்கும் அங்கே வீடு இல்லை. அவ்வூருக்காகக் காடு வெட்டியவர்களிலும் மண் சுமந்தவர்களிலும் கறுப்பினத் தொழிலாளர் இருந்தனர். அவர்கள் கட்டிய வீட்டில் அவர்கள் குடியேற இயலாது. அவர்களுக்கென அருகே தனிக் குடியிருப்பு அமைக்கும் எண்ணம் ஒன்றிருந்தது, அதுவும் கைவிடப்பட்டது.

கடைவீதியை அடுத்துள்ள பள்ளிக்கூடத்தின் வெளிச்சுவரில், சிலை செதுக்கிய அதே லெனோர் தாமஸ், அமெரிக்க அரசியலமைப்பின் முகவுரையைப் புடைப்புச் சிற்பங்களாக வடித்திருக்கிறார். அம்முகவுரை 'நாம்' என்னும் சொல்லுடன் தொடங்குகிறது. நீதியை நிலைநாட்டுவதும் பொதுநலத்தைப் பெருக்குவதும் அச்சுவரில் கல்லாகி நிற்கின்றன. அந்த 'நாம்' என்னும் சொல்லுக்குள் யார் அடங்குவர் என்பதைக் கல் கூறவில்லை. வீட்டு ஒதுக்கீட்டுப் பட்டியல் கூறிற்று. சாலைக்கு அடியில் பாதை அமைத்துக் குழந்தையைக் காத்த அறிவு, நிறத்தின் பெயரால் எழுந்த சுவருக்கு அடியில் ஒரு பாதை அமைக்கத் துணியவில்லை.

அதே காலத்தில் வாஷிங்டனுக்குள், ஹில்யார்ட் ராபின்சன் என்னும் கறுப்பினக் கட்டடக் கலைஞர் லாங்ஸ்டன் டெரஸ் என்னும் குடியிருப்பை அமைத்தார். 1938-இல் மக்கள் குடியேறிய அதுவும் நவீன பாணியில் அமைந்த அழகிய தொகுதியே. கறுப்பினக் குடும்பங்களுக்கென்றே அரசு கட்டியது. ஒரே அரசு, ஒரே காலம், ஒத்த கலை. வாசல் மட்டும் இரண்டு. கட்டடக் கலையின் நூல்களைப் புரட்டுவோர் பாணியை மட்டும் பேசி இதனைத் தாண்டிச் சென்றுவிடுவதுண்டு. நாம் அவ்வாறு தாண்டிச் செல்ல விரும்பவில்லை. 1960-களில் நாடு தழுவிய குடியுரிமைப் போராட்டமும், அதன் பயனாக வந்த 1964, 1968-ஆம் ஆண்டுச் சட்டங்களும் அடைத்த கதவுகளைத் திறந்தன. 2010-ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பின்போது கிரீன்பெல்ட் நகர எல்லைக்குள் வாழ்ந்தோரில் ஏறக்குறைய பாதிப்பேர் கறுப்பினத்தவர். ஆயினும் இழந்த முப்பது ஆண்டுகள் இழந்தவையே.

சந்தேகமும் விற்பனையும்

வெளியே நின்றவர்க்குக் கதவு அடைத்திருந்தது. உள்ளே இருந்தவரையோ சந்தேகம் வாட்டிற்று. 1950-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் கம்யூனிச அச்சம் தலைவிரித்தாடிய காலம். கூட்டாகக் கடை நடத்துவதும் கூட்டாக வீடு வைத்திருப்பதும்கூடக் குற்றத்தின் சாயலாகப் பார்க்கப்பட்டன. ஊரின் பொதுப்பணிகளில் ஈடுபட்டுவந்த ஆபிரகாம் சாசனோவ் என்பவர் கடற்படையின் அலுவலகம் ஒன்றில் நெடுங்காலம் பணியாற்றியவர். 1953-இல், பெயர் வெளியிடப்படாதோர் கூறிய புகார்களின் பேரில் அவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். குற்றம் சாட்டியவர் யாரென்று அறியாமலே தம்மைக் குற்றமற்றவர் என்று மெய்ப்பிக்க வேண்டிய நிலை அவருக்கு. ஊரார் திரண்டு அவருக்காகச் சான்று கூறினர். செய்தியாளர் அந்தோணி லூயிஸ் அதனை விடாது எழுதினார். 1955-இல் அவருக்குப் புலிட்சர் பரிசு கிடைக்க அவ்வெழுத்தே காரணமாயிற்று. 1954-இல் கடற்படை தன் தவற்றை ஒப்புக்கொண்டு சாசனோவைப் பணியில் அமர்த்தியது. நடந்து வந்து நாள்தோறும் ஒருவரையொருவர் கண்ட ஊரில், ஒருவர் மீது பழி விழுந்தபோது அவரை அறிந்தவர்கள் நூற்றுக்கணக்கில் இருந்தனர் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

அதே ஆண்டுகளில் அரசாங்கம் ஊரையே விற்றுவிட முனைந்தது. வீடுகளை ஊர் மக்களின் கூட்டுறவு அமைப்பே வாங்கிக்கொண்டது. போர்க்காலத்தில் கூடுதலாகக் கட்டப்பட்டவற்றையும் சேர்த்துச் சுமார் 1600 வீடுகள் இன்றும் அவ்வமைப்பிடமே இருக்கின்றன. கடைவீதிக் கட்டடங்களோ தனியார் கைக்குப் போயின. கடைவீதியின் சோதனைக் காலம் அங்கே தொடங்கிற்று.

காரும் காலும்

நடந்து வருவோர்க்கெனக் கட்டிய கடைவீதிக்குக் காரே பெரும் போட்டியாயிற்று. 1930-லேயே வாஷிங்டனின் கனெக்டிகட் அவென்யூவில், முன்புறத்தில் கார் நிறுத்த இடம்விட்டுக் கட்டப்பட்ட 'பார்க் அண்ட் ஷாப்' என்னும் கடைத்தொகுதி வந்துவிட்டது. 1938-இல், கிரீன்பெல்ட் திரையரங்கு திறந்த அதே மாதத்தில், அருகிலுள்ள சில்வர் ஸ்பிரிங் என்னுமிடத்தில் ஜான் எபர்சன் என்னும் புகழ்பெற்ற கலைஞர் வரைந்த திரையரங்கும், அதனையடுத்து அவருடைய கடைத்தொகுதியும் திறக்கப்பட்டன. அவையும் மொடேர்ன் பாணியே. வளைவும் வரிகளும் கிரீன்பெல்ட்டினும் அழகு. ஆனால் அவை காரில் வருவோரை நோக்கிக் கட்டப்பட்டவை. பெரும்பாலான அமெரிக்கா சில்வர் ஸ்பிரிங்கின் வழியையே பின்பற்றிற்று.

வாஷிங்டனுக்கும் பால்டிமோருக்கும் இடையே 1954-இல் பெருவழி திறந்தது. 1964-இல் தலைநகரைச் சுற்றிய வளையச்சாலை முழுமை பெற்றது. ஊரருகே பெரிய வணிக வளாகங்கள் எழுந்தன. ரூஸ்வெல்ட் மையத்தின் சிறு கடைகள் திணறின. ஊர்க் கூட்டுறவுச் சங்கமும் இதற்குள் பல ஊர்களில் கிளைபரப்பிப் பெரு நிறுவனமாகிவிட்டது. பெருத்த நிறுவனத்தின் கணக்கில் பிறந்த ஊரின் சிறு அங்காடி சுமையாகத் தோன்றியது போலும்! 1984-இல் அவ்வங்காடியைக் கைவிட அது முடிவு செய்தது.

அப்பொழுது ஊர் மக்கள் செய்தது 1940-இல் அவர்களுடைய முன்னோர் செய்ததே. அண்டை வீட்டாரிடம் பங்கு திரட்டிப் புதிய கூட்டுறவுச் சங்கம் அமைத்து, அங்காடியையும் மருந்துக் கடையையும் தாமே வாங்கினர். தாய்ச் சங்கம் கைவிட்ட பிள்ளையை ஊர் எடுத்து வளர்த்தது. 1995-இல் தோன்றிய 'நியூ டீல் கபே' என்னும் உணவகமும் கூட்டுறவே. 2000-இல் அது மையத்துக்குக் குடிபுகுந்தது. திரையரங்கை 2002-இல் நகராட்சி வாங்கிப் பின்னர் புதுப்பித்தது. 2015 முதல் அதனை இலாப நோக்கற்ற ஊர்ச் சங்கம் ஒன்று நடத்தி வருகிறது. இடையே 1997-இல் பழைய கிரீன்பெல்ட் முழுவதும் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

சில்வர் ஸ்பிரிங் திரையரங்கு 1984-இல் மூடப்பட்டது. நீண்ட போராட்டத்தின் பின்னர், பெரும் பொருட்செலவில் 2003-இல் மீண்டும் உயிர் பெற்றது. அதனைக் காக்கச் சட்டமும் ஆர்வலர்களும் அரசும் வேண்டியிருந்தன. கிரீன்பெல்ட்டிலோ, அரசு 'வரலாறு' என்று முத்திரை குத்துவதற்குப் பதின்மூன்று ஆண்டுகள் முன்னரே, அங்காடியில் பால் வாங்க வந்தவர்கள் அதனைக் காத்துவிட்டனர். தனக்குரிய பொருளை ஒருவன் காப்பதற்கும் கண்காட்சிப் பொருளைக் காப்பதற்கும் உள்ள வேற்றுமை இதுவே.

நாம் பெறுவது

ஒரு கட்டடத்தின் வாழ்நாளை அதன் சுண்ணாம்பும் செங்கல்லும் மட்டும் நிர்ணயிப்பதில்லை. உரிமையும் வழியும் நிர்ணயிக்கின்றன. அது யாருக்குச் சொந்தம்? அதற்குள் யார் வரலாம்? எப்படி வரலாம்? இம்மூன்று கேள்விகளை எந்த ஊரின் கடைவீதி முன்னும் நின்று நாம் கேட்கலாம். கிரீன்பெல்ட் முதற் கேள்விக்கும் மூன்றாவது கேள்விக்கும் 1937-லேயே சிறந்த விடை கூறிற்று; இரண்டாவது கேள்விக்கு விடை கூற முப்பது ஆண்டுகள் தயங்கிற்று. அத்தயக்கமே அதன் வரலாற்றின் மாறாத கறை. அதன் கடைகளை மீட்ட மக்களின் ஊக்கம் அதன் மாறாத பெருமை. இரண்டையும் ஒருங்கே நினைவிற் கொள்வதே நேர்மையான வரலாறு.

அரசர் கட்டிய மாளிகையைக் காக்க அரசர் வேண்டும். அவர் போனபின் காவலாள் வேண்டும். ஊரார் தம் காசில் பங்கிட்டுக்கொண்ட கடைக்கு ஊராரே காவல். தட்டைக் கூரையும் வெள்ளைச் சுவருமாய் நிற்கும் அவ்விரு கட்டடங்களுக்கிடையே, கல்லில் சமைந்த தாய் தன் சேயுடன் இன்றும் இருக்கிறாள். அவளைக் கடந்து இன்று கடைக்கு வரும் தாயருள் எல்லா நிறத்தவரும் உள்ளனர். 1939-இல் அக்கல்லைச் செதுக்கியபோது முற்றுப்பெறாதிருந்த வேலை ஒன்று, அவர்கள் வந்து போகப்போகத்தான் முற்றுப்பெறுகிறது.